கர்ப்பிணியும் போதைப்பொருளும்: தண்டித்தால் குழந்தை பிழைக்குமா?

கர்ப்பமாக இருக்கும் பெண் போதைப்பொருள் உட்கொள்கிறார். பிறக்கும் குழந்தை பாதிக்கப்படுகிறது. அவரை ஜெயிலில் போட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அதைச் செய்து பார்த்தது. 2 ஆண்டில் கைவிட்டது. ஏன்?

குழந்தைக்கு என்ன ஆகிறது?

ஹெராயின், சில வகை வலிநிவாரணிகள் போன்ற ஓபியாய்டுகள் தாயிடமிருந்து கருவுக்கும் போய்ச் சேரும். குழந்தை பிறந்ததும் அது சட்டென நின்றுவிடும். அதனால் நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம். ஆனால் சிகிச்சை உண்டு.

தாய் உடனே நிறுத்தினால் போதாதா?

அவ்வளவு சுலபம் இல்லை. திடீரென நிறுத்துபவர் மீண்டும் பழக்கத்தில் விழும் ஆபத்து அதிகம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு மெத்தடோன், புப்ரெனோர்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

டென்னசி என்ன செய்தது?

2014 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. கர்ப்பகாலத்தில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் உட்கொண்டு, அதனால் குழந்தை பாதிக்கப்பட்டால் தாய்மீது 'தாக்குதல்' குற்றம் சாட்டலாம். கிட்டத்தட்ட ஓராண்டுச் சிறை கிடைக்கலாம். சிகிச்சையை முடித்தவர் அதைக் காட்டித் தப்பிக்கலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? சிக்கல் நடைமுறையில் வந்தது. கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை நிலையங்கள் குறைவு. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் மருத்துவப் பரிசோதனைக்குப் போகவே பெண்கள் தயங்குவார்கள் என்று மருத்துவ அமைப்புகள் எச்சரித்தன. உதவி மிகவும் தேவைப்படும் கருவுக்கே அது ஆபத்து. 2 ஆண்டுக் காலக்கெடுவுடன் வந்த சட்டம் 2016இல் நீட்டிக்கப்படவில்லை.

மற்ற இடங்களில்?

• அலபாமா: வீட்டில் போதைப்பொருள் தயாரிப்போரிடமிருந்து பிள்ளைகளைக் காக்க 2006இல் ஒரு சட்டம் வந்தது. அதிலுள்ள 'பிள்ளை' என்ற சொல் கருவையும் குறிக்கும் என்று 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய்மார்கள்மீது வழக்குகள் பாய்ந்தன.

• தென் கரோலினா: மருத்துவமனை ஒன்று கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து முடிவைப் போலீசிடம் கொடுத்தது. சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது.

வேறு வழி உண்டா?

2003 முதல் கூட்டரசுச் சட்டம் 'பாதுகாப்பான பராமரிப்புத் திட்டம்' ஒன்றைக் கேட்கிறது. போதைப்பொருளால் பாதிக்கப்பட்டுக் குழந்தை பிறந்தால் மருத்துவமனை சிறார் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததாலேயே தாய் குற்றவாளி ஆகிவிட மாட்டார். 2016இல் குடும்பத்தின் சிகிச்சைத் தேவையும் அதில் சேர்ந்தது.

இதிலும் ஒரு நெருடல். அதே ஆண்டு, 'சட்டவிரோத' என்ற சொல் நீக்கப்பட்டது. அதனால் டாக்டர் சொன்னபடி மெத்தடோன் எடுக்கும் தாயைப் பற்றியும் தகவல் போகலாம். அதை உதவியாகப் பார்ப்பதா, விசாரணையாகப் பார்ப்பதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

இப்படிப்பட்ட சட்டம் பற்றிச் செய்தி வந்தால், தண்டனை எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2 கேள்வி கேளுங்கள்: அந்தப் பெண் சிகிச்சை கேட்டால் இடம் கிடைக்குமா? கேட்டதற்காகவே குழந்தையை இழப்பாரா? குழந்தையின் நலன் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.