ஒரே கட்டம், இரண்டு விடைகள்

குறுக்கெழுத்துப் புதிர்களை விரும்பி நிரப்புவோர் நம் வாசகர்களிடையே பலர் உளர். பென்சிலும் ரப்பரும் கையருகே இருக்க, 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்று குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, வெற்றுக் கட்டங்கள் நிரம்புவதைக் கண்டு மகிழ்வது தீங்கற்றதோர் இன்பம். அந்த இன்பத்தின் ஆணிவேர் எதுவெனச் சற்றே எண்ணிப் பார்ப்போமாயின், 'ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய எழுத்து ஒன்றே. அதனை நாம் கண்டுபிடித்துவிட்டோம்' என்னும் மனநிறைவே அது என்பது விளங்கும். வாழ்க்கையில் எளிதிற் கிட்டாத உறுதி அந்தச் சிறு சதுரத்துக்குள் கிட்டிவிடுகிறது. அந்த உறுதியையே கணிதப் பேராசிரியர் ஒருவர் ஒரு நாள் அசைத்துப் பார்த்தார். அதனால் எழுந்த ஆரவாரத்தையும், அது நமக்கு உணர்த்தும் உண்மையையும் இத்திங்கள் சிந்திப்போம்.

குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு நெடியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆர்தர் வின் என்னும் பத்திரிகையாளர், 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் முதற் புதிரை வெளியிட்டார். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழோ, இது வீண் பொழுதுபோக்கு என்று 1924-இல் எள்ளி எழுதியது. எள்ளிய அதே இதழ் 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 முதல் தானும் புதிர் வெளியிடத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் குறுக்கெழுத்து என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவ்விதழின் புதிர்தான்.

நாம் கூறப்போகும் புதிர் அவ்விதழில் 1996-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். பதவியிலிருந்த பில் கிளிண்டனும், அவரை எதிர்த்து நின்ற பாப் டோலும் களத்தில் இருந்தனர். வாக்குப்பெட்டிகள் திறக்கப்படுமுன், காலை நாளிதழில் வந்த புதிரின் நடுவரிசையில் ஒரு குறிப்பு காணப்பட்டது: நாளைய நாளிதழின் தலைப்புச் செய்தி யாது? ஏழு கட்டங்களில் ஒரு பெயர். அடுத்த ஏழு கட்டங்களில் 'தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்.

நாளை நிகழப்போவதை இன்றே எவ்வாறு அச்சிட இயலும்? ஆங்கிலத்தில் 'கிளிண்டன்' என்பதற்கு ஏழு எழுத்துகள். 'பாப் டோல்' என்பதற்கும் ஏழே எழுத்துகள். அவ்விரு பெயர்களில் எதை எழுதினாலும் புதிர் பிழையின்றி நிரம்பும்வண்ணம் அதனை அமைத்திருந்தார், இண்டியானாபொலிஸ் நகரில் பட்லர் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரான ஜெரமையா ஃபாரல்.

அது எவ்வாறு இயன்றது என்பதையும் காண்போம். பெயரின் ஏழு எழுத்துகளையும் ஏழு சொற்கள் மேலிருந்து கீழாகக் குறுக்கிடுகின்றன. அவ்வேழு சொற்களுக்கும் தரப்பட்ட குறிப்புகள் ஒவ்வொன்றும் இருபொருள் பட்டவை. ஹாலோவீன் இரவுக்குரிய கருநிற விலங்கு யாது என்று ஒரு குறிப்பு. புனிதர் அனைவர் பெருவிழாவின் முன்னிரவாகிய ஹாலோவீனுக்குக் கறுப்புப் பூனையும் பொருந்தும், வௌவாலும் பொருந்தும். பூனை எனக் கொண்டு 'கேட்' என்று எழுதினால் கிளிண்டனின் முதலெழுத்து கிடைக்கும்; வௌவால் எனக் கொண்டு 'பேட்' என்று எழுதினால் பாப் என்பதன் முதலெழுத்து கிடைக்கும். தையற்பொருட் கடையில் வாங்குவது என்று மற்றொரு குறிப்பு. நூலைக் குறிக்கும் 'யார்ன்' என்றும் எழுதலாம். கெஜத்தைக் குறிக்கும் 'யார்டு' என்றும் எழுதலாம். இவ்வாறே ஏழு சொற்களும்.

ஏழு இடங்களில், இடத்துக்கு இரண்டு வழிகள் என்றால், இரண்டை ஏழுமுறை பெருக்க, 128 வகையாக அவ்வரிசையை நிரப்பலாம். அந்த 128-இல் பொருள் தருபவை இரண்டே. எஞ்சிய 126-உம் வெறும் எழுத்துக் குவியல். இது கணிதம் பயின்ற மனத்தின் கைவண்ணம் என்று கூறவும் வேண்டுமோ?

இனி, நிரப்பியவர்கள் செய்தது யாது? புதிர்ப் பகுதியின் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் என்பவரின் தொலைபேசி அன்று ஓயவில்லை. 'கிளிண்டனே வெல்வார் என்று வாக்களிப்பு முடியுமுன் முடிவு கட்டுவதற்கு உமக்கு என்ன துணிவு?' என்று சினந்தனர் ஒரு சாரார். பாப் டோல் என்று நிரப்பிய மற்றொரு சாராரோ, இதழ் பெரும் பிழை இழைத்துவிட்டதெனக் கருதினர். இரு சாராரும் ஒரே புதிரையே நிரப்பினர். ஒரே குறிப்புகளையே படித்தனர். அன்றிரவு எண்ணிக்கை முடிந்தபோது, தேர்வாளர் வாக்குகள் 379-ஐப் பெற்றுக் கிளிண்டன் வென்றார். டோலுக்குக் கிடைத்தவை 159. ஆயினும் காலையில் 'பாப் டோல்' என்று எழுதியவரின் புதிர், புதிர் என்ற அளவில், பிழையற்றதாகவே நின்றது.

வாசகர்களே, இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சினந்து பேசியவர்கள் தங்கள் விடையில் தவறவில்லை. கட்டங்கள் சரியாகவே நிரம்பியிருந்தன. அவர்கள் தவறிய இடம் வேறு: 'இவ்விடை பொருந்துகிறது' என்பதிலிருந்து, 'இவ்விடை மட்டுமே பொருந்தும்' என்பதற்குத் தாவினர், அங்கிருந்து, 'இதனை எழுதியவன் ஒருதலைப்பட்சமானவன்' என்பதற்குத் தாவினர். முதற் கூற்று உண்மை, இரண்டாவது சோதிக்கப்படாதது, மூன்றாவது பிறர்மீது சுமத்திய பழி. கிளிண்டன் என்றோ டோல் என்றோ புதிரில் அச்சிடப்பட்டிருக்கவில்லை. அப்பெயரை எழுதிய கை அவர்களுடைய கையே. தம் கையால் எழுதியதைப் படித்துவிட்டுப் பிறர் உள்ளத்தைப் படித்ததாக எண்ணிக்கொண்டனர்.

பள்ளிக் கணக்கிலும் இதற்கு நிகரான ஒன்றைக் காணலாம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 9 வருகிறது. அவ்வெண் யாது என்று கேட்டால், 3 என்று உடனே விடை வரும். குறை 3-ஐக் குறை 3-ஆல் பெருக்கினாலும் 9-தானே? மூன்று என்று எழுதி நிறுத்திய மாணவனின் விடை பொய்யன்று. வேலை முடிந்துவிட்டது என்று அவன் எண்ணியதே பிழை. நல்லாசிரியர் அவனைக் கடிந்துகொள்வதில்லை; 'இன்னும் உளதோ, பார்' என்கிறார்.

தருக்க நூலாரும் இவ்விடத்தில் நமக்கு உதவுவர். எதிர்ப்புகளை அவர்கள் வகைப்படுத்தி, இரண்டினைச் சிறப்பாக வேறுபடுத்துவர். 'விளக்கு எரிகிறது', 'விளக்கு எரியவில்லை' என்பன முரண். ஒன்று பொய்யாயின் மற்றது மெய்யாகியே தீரும். 'சுவர் முழுதும் வெள்ளை', 'சுவர் முழுதும் கறுப்பு' என்பன மறுதலை. இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஆனால் இரண்டும் ஒருங்கே பொய்யாகலாம், சுவர் பச்சையாக இருக்குமாயின். ஃபாரல் இதே போன்றதொரு புதிரை 1980-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கே அமைத்திருந்தார். கார்ட்டர், ரீகன் என்னும் பெயர்கள் இரண்டும் ஆங்கிலத்தில் ஆறெழுத்துகள் கொண்டவை. அந்நாளில் புதிராசிரியராய் இருந்த யூஜீன் மலெஸ்கா அதனை ஏற்க மறுத்துக் கேட்டார்: ஆண்டர்சன் வென்றுவிட்டால் என் செய்வது? எக்கட்சியையும் சாராது நின்ற ஜான் ஆண்டர்சன் நூற்றுக்கு ஏழு வாக்குகள்கூடப் பெறவில்லை என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் தருக்க முறைப்படி மலெஸ்காவின் ஐயம் நேரிய ஐயமே. இரு பெயர்களைச் சுற்றியே ஊர் முழுதும் வாதிடும்போது, மூன்றாவது பெயரை நினைவிற் கொள்பவர் அருமை.

இவ்வளவில் நிறுத்திவிட்டால், 'எல்லா வினாவுக்கும் இரண்டு விடைகள் உண்டு. யார் சொல்வதும் சரியே' என்று சிலர் பொருள் கொள்ளக்கூடும். அது நம் கருத்தன்று. ஒரே விடை மட்டும் கொண்ட வினாக்களும் உண்டு. அங்கும் மனிதர் இதே உறுதியோடு தவறுவர். அதற்கொரு சான்று காட்டுவோம்.

1990-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், 'பரேடு' என்னும் அமெரிக்க வார இதழில் மரிலின் வோஸ் சாவந்த் என்னும் அம்மையார் தம் பகுதியில் ஒரு வினாவுக்கு விடையளித்தார். மூன்று கதவுகள்; ஒன்றின் பின்னே மோட்டார் வண்டி, மற்ற இரண்டின் பின்னே ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தேர்கிறீர்கள். வண்டி இருக்குமிடம் அறிந்த நிகழ்ச்சித் தலைவர், எஞ்சிய கதவுகளில் ஆடு உள்ள ஒன்றைத் திறந்து காட்டி, 'மற்றக் கதவுக்கு மாறிக்கொள்கிறீரா?' என்று வினவுகிறார். மாறுவது நன்றா, மாறாதிருப்பது நன்றா? மாறுவதே நன்று, வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார் அம்மையார்.

கடிதங்கள் குவிந்தன. ஏறத்தாழ 10,000 வந்தன என்றும், அவற்றுள் ஆயிரத்துக்குச் சற்றே குறைவானவை முனைவர் பட்டம் பெற்றோர் எழுதியவை என்றும் அவர் மதிப்பிட்டார். பெரும்பாலோர் அவரை மறுத்தனர். சிலர் ஏளனமும் செய்தனர். இரண்டு கதவுகள் எஞ்சியிருக்க, வாய்ப்பு சரிபாதிதானே என்பது அவர்களின் வாதம். ஆனால் அம்மையார் கூறியதே சரி. முதலில் தேர்ந்த கதவு சரியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றே. எதைத் தேர்ந்தாலும் ஆடுள்ள கதவொன்றைத் தலைவர் திறந்து காட்ட இயலுமாதலால், அச்செயலால் அந்த மூன்றில் ஒன்று கூடுவதில்லை. எனவே எஞ்சிய இரண்டு பங்கும் மாற்றுக் கதவையே சாரும். ஏறத்தாழ 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷ் கூட இதனை முதலில் ஏற்க மறுத்து, கணிப்பொறியில் பலமுறை நிகழ்த்திக் காட்டிய பின்னரே இணங்கினார் என்று அவரோடு பழகியோர் எழுதியுள்ளனர்.

இதனை நம்பத் தயங்குவோர் வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று கிண்ணங்களும் ஒரு புளியங்கொட்டையும் போதும். ஒருவர் ஒளிக்க, மற்றவர் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே 60 முறை ஆடட்டும். ஏறக்குறைய 40 முறை கொட்டை கிடைக்கக் காண்பீர்கள். வோஸ் சாவந்த் அம்மையாரும் வாதத்தை நீட்டாமல், பள்ளி வகுப்புகள் இதனை ஆடிப் பார்க்குமாறு வேண்டினார். பட்டதாரிகளின் கடிதங்கள் ஏற்க மறுத்ததைச் சிறுவர்களின் விளையாட்டு நிறுவியது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். ஒன்றில் விடைகள் இரண்டு. மற்றதில் விடை ஒன்றே. ஒன்றில் சினந்தோர் சரியான விடை வைத்திருந்தனர். மற்றதில் சினந்தோர் தவறான விடை வைத்திருந்தனர். ஆனால் இரு சாராரின் நெஞ்சிலும் இருந்த உறுதி ஒரே நிறையுடையது. ஆகவே 'எனக்கு உறுதியாகத் தெரியும்' என்னும் உணர்ச்சி விடையின் தகுதிக்குச் சான்றாகாது. மீண்டும் சென்று சரிபார்த்தல் ஒன்றே சான்று.

புதிரில் இழப்பு ஒன்றுமில்லை. குடும்பத்திலோ இழப்புப் பெரிது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில், 'பிறகு பேசுகிறேன்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறான். தந்தை அந்த வெற்றுக் கட்டத்தில் 'அலட்சியம்' என்று எழுதுகிறார். தாய் 'வேலைப்பளு' என்று எழுதுகிறார். முன்பின் நடந்த எல்லாவற்றோடும் இரண்டு சொற்களும் பொருந்திவிடுகின்றன. புதிதாக வந்த மருமகள் வாய் திறவாதிருக்கிறாள். மாமியார் அதனைச் 'செருக்கு' என்று நிரப்புகிறார். அது 'அச்சம்' ஆகவும் இருக்கலாமே! பொருந்திவிட்டது என்பதனாலேயே பேனாவால் எழுதி முடித்து, பத்தாண்டுகள் பேசாதிருந்த உடன்பிறந்தோரை நாம் அறிவோம். மலெஸ்கா கேட்டது போல், இருவரும் நினையாத மூன்றாவது காரணம் ஒன்றும் அங்கே இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு நாழிகையில் தெரிந்திருக்கும்.

எனவே, சினம் மூளும் வேளையில் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. நாம் படித்தது பிறர் எழுதியதையா, நாமே நிரப்பியதையா? வேறு விடையும் பொருந்துமோ என்று பார்த்தோமா? சரிபார்க்க எளிய வழி இருக்க, அதனை விடுத்து வாதிடுகிறோமா?

ஃபாரல் 2022-ஆம் ஆண்டு தம் 84-ஆம் வயதில் காலமானார். அவருடைய புதிரில் பூனையும் வௌவாலும் ஒரே கட்டத்தில் இன்றும் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. அதனை நிரப்புவோர்க்குச் சிறந்த கருவி பென்சிலே. வீட்டிலுள்ளோர் மனத்தை நிரப்ப முயல்வோர்க்கும் அதுவே.