ஒளி படாத இடத்தின் வண்ணம்

கார்த்திகை தீபத்தன்று 2668 அடி உயர அண்ணாமலை உச்சியில் கொப்பரை சுடர்விடும் கணத்தை வண்ண ஸ்லைடு பிலிமில் பதிவதற்குத் தனி மதிப்பு உண்டு. காமிராவுக்குள் ஒளி பட்ட அதே பிலிமே படமாகிறது. நெகட்டிவும் பிரிண்டும் இடையில் இல்லை. ஆனால் அதைக் கழுவித்தரும் லேப்கள் இன்று நாட்டிலேயே மிகச் சில. மாற்று ரசாயனங்களைக் கொண்டு வீட்டிலேயே கழுவலாமே என்றால், நிறம் கெட்டுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அந்த அச்சத்தில் பாதிதான் நியாயம் என்பது எங்கள் கருத்து.

ஸ்லைடுக்கான ஈ-6 முறையில் முதல் டெவலப்பர் வெறும் கறுப்பு வெள்ளை டெவலப்பரே. ஒளி பட்ட வெள்ளி உப்பை அது கருக்குகிறது, வண்ணம் தோன்றுவதில்லை. எஞ்சிய உப்பில்தான், அதாவது ஒளி படாத இடத்தில்தான், இரண்டாம் டெவலப்பர் சாயங்களை எழுப்புகிறது. பின்னர் பிளீச்சும் ஹைப்போவும் வெள்ளியை நீக்க, சாயம் மட்டும் நிற்கிறது.

எனவே முதல் கட்டத்துக்கு வீரியமான கறுப்பு வெள்ளை டெவலப்பர் போதும். அடுத்து பிலிமை விளக்கொளியில் நன்கு காட்ட வேண்டும். இரண்டாம் டெவலப்பராக, வண்ணப் புகைப்படத் தாளைக் கழுவும் ஆர்.ஏ.-4 கரைசல் உதவும். ஈ-6இல் உள்ள சி.டி.-3 என்ற பொருளே அதிலும் உண்டு. காரத்தன்மை குறைவு என்பதால், கையுறை அணிந்து, சிறிது காஸ்டிக் சோடா சேர்க்க வேண்டும். ஈ-6 கோரும் வெப்பநிலை 38 டிகிரி. திருவண்ணாமலையின் அக்கினி நட்சத்திர வெயிலில் அதற்கு அடுப்பே தேவைப்படாது.

இது கைகூடுவதற்குக் காரணம், சாயத்தை உருவாக்கும் கூறுகள் பிலிமுக்குள்ளேயே இருப்பதுதான். கோடாக்குரோமில் அவை கழுவும் கரைசலில் இருந்தன. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இயங்கிய கடைசி லேப் 2010 இறுதியில் அப்பணியை நிறுத்தியதும், அதுவரை கழுவாமல் விட்ட சுருள்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக்கே உரியவையாயின. கலையின் ஒரு கட்டத்தை முழுதும் நிறுவனத்திடம் ஒப்படைத்தால் நேர்வது இதுதான்.

அச்சத்தின் நியாயமான பாதியையும் சொல்லியாக வேண்டும். முதல் டெவலப்பரில் நேரம் பிசகினால் ஸ்லைடு இருண்டோ வெளிறியோ போகும், மீட்க வழியில்லை. ஆகவே மீண்டும் எடுக்கவியலாத படங்களை நல்ல லேபுக்கே அனுப்புங்கள். வீட்டில் கழுவும் முதல் சுருளை எதிர்வீட்டுத் திண்ணையில் எடுங்கள். அளவையும் நேரத்தையும் நோட்டில் குறித்து, பிறருக்கும் தமிழில் சொல்லுங்கள். தீபத்தை அதற்கப்புறம் எடுக்கலாம்.