செவிலிக்கு ஒரு நீதியா?

ஜூலி என்று சொன்னதும் சிரிக்கிறார்கள். பனியன் கம்பெனி வாசலில், தேநீர் நேரத்தில் சிரிக்கிறார்கள். மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகையிலும் சிரிக்கிறார்கள். 2017இல் எழுந்த சிரிப்பு! ஒவ்வோர் ஆண்டும் பிக் பாஸ் திரைக்கு வரும்போது அந்தச் சிரிப்புக்குப் புது உயிர் வருகிறது. வாயடைத்துக் கிடக்க மறுக்கும் பெண் எவளேனும் திரையில் தோன்றினால் போதும், "இதோ அடுத்த ஜூலி" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

ஒரு பெண்ணின் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். யாருடைய பெயர் அது? தொழிலாளியின் வைப்பு நிதியைப் பிடித்து, கட்டாமல் விழுங்கிய சீமானின் பெயரா? கள்ள நோட்டு அச்சடித்தவனின் பெயரா? மாதச் சம்பளத்துக்குச் செவிலியாக வேலை பார்த்த ஒரு பெண்ணின் பெயர்! அந்தப் பெண்ணுக்காக வழக்காடவே இன்று எழுதுகிறோம்.

"திருப்பூரில் வேறு கவலையே இல்லையா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரியால் ஊரே ஆடிப்போனதே, நூல் விலை ஏறி இறங்குகிறதே, அதையெல்லாம் விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக் கூத்துக்குத் தலையங்கமா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வரியையும் எழுதியே தீருவோம், கூலியையும் எழுதியே தீருவோம். இதுவும் கூலிக்காரியின் கதைதான்.

2017 சனவரியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. வாடிவாசல் திறக்காமலே பொங்கல்கள் கடந்தன. அலங்காநல்லூரில் மூண்ட கனல் சென்னை மெரினாவுக்குப் பரவியது, கோவை வ.உ.சி. மைதானத்துக்கும் பரவியது. நம் ஊர் இளைஞர்களும் சும்மா இருந்துவிடவில்லை. கடற்கரை மணலில் இரவு பகலாக இலட்சோப இலட்சம் பேர்! அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. எதுகையும் கேலியும் கலந்து, அன்றைய முதலமைச்சரையும், அவருக்குப் பின்னால் நின்ற அதிகாரத்தையும், டெல்லியையும் ஒரே மூச்சில் அந்தக் குரல் வம்புக்கு இழுத்தது. கைப்பேசி தோறும் அந்தக் காட்சி ஓடிற்று. "வீரத் தமிழச்சி" என்று பட்டம் சூட்டினார்கள். யார் சூட்டினார்கள்? இன்று சிரிக்கிறார்களே, இவர்களேதான்!

சனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் நாள் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறிற்று, அதே நாளில் கடற்கரையில் தடியடியும் நடந்தது. 2023 மே 18இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. காளைக்கு நீதி கிடைத்துவிட்டது. காளைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு?

2017 சூன் 25இல் விஜய் தொலைக்காட்சியில் பிக் பாஸ் முதல் பருவம் தொடங்கிற்று. கமல்ஹாசன் நடத்தினார். உள்ளே போனவர்களைப் பாருங்கள்: நடிகைகள், நடிகர்கள், நகைச்சுவைக் கலைஞர்கள், நடன இயக்குநர், திரைப்பாடல் எழுதும் கவிஞர். எல்லோரும் ஒளிவிளக்குக்கும் ஒப்பனைக்கும் பழகியவர்கள். எந்தக் கோணத்தில் நின்றால் முகம் நன்றாய் விழும் என்று அறிந்தவர்கள். அவர்களுக்கிடையே ஊசியும் மருந்தும் பிடித்த கையோடு போய் நின்றார் ஜூலி. சில நாட்களுக்குள்ளேயே எழுந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? "நடிக்கிறாள்!" நடிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த வீட்டில், செவிலி மீது சாட்டிய குற்றம் நடிப்பு!

ஜூலி தவறே செய்யவில்லை என்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஓவியாவைப் பற்றி ஜூலி சொன்னதும், ஒளிப்பதிவில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. கமல்ஹாசன் குறும்படம் போட்டு, நாடு பார்க்க அதைக் காட்டினார். ஓவியாவுக்கு மக்கள் தந்த அன்பு தகும். கள்ளமில்லாமல் பேசினார், தனித்து நின்றார், தந்தார்கள். அதிலே நமக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது. ஆனால் தோழர்களே, தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலமுள்ள கூட்டத்தின் பக்கம் சாய்வதும், அவர்களுக்குப் பிடித்ததைப் பேசுவதும், பேசியதை விழுங்க முடியாமல் திணறுவதும் நாம் காணாத குற்றமா? கான்ட்ராக்டருக்குப் பிடிக்க வேண்டுமென்று பக்கத்து மிஷின்காரனைப் போட்டுக்கொடுத்தவன் நம் கம்பெனியில் இல்லையா? அவனைத் திட்டினோம். பிறகு அவன் மகள் காதுகுத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோமே! ஜூலிக்கு மட்டும் ஆயுள் தண்டனையா?

அதே வீட்டில், அதே பருவத்தில், நடன இயக்குநர் காயத்ரி ரகுராம் "சேரி" என்ற சொல்லை வசவாக வீசினார். உழைப்பவன் குடியிருக்கும் இடத்தின் பெயர் இழிசொல்லாயிற்று. கண்டனம் எழுந்தது, உண்மை. ஆனால் அந்தச் சொல்லால் புண்பட வேண்டிய நம்மவர்களிலேயே பலர், அதை அடுத்த வாரமே மறந்துவிட்டு, ஜூலியின் பொய்யை மட்டும் இன்றுவரை மறக்காமல் வைத்திருக்கிறார்களே, இது என்ன கணக்கு?

வெட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே துணிதான். கட்டிங் மாஸ்டர் எப்படி வெட்டுகிறாரோ அப்படி உடுப்பு. மிச்சம் பனியன் வேஸ்ட் என்று மூட்டை கட்டிப் போகிறது. அந்த வீட்டில் ஒரு நாளுக்கு 24 மணி நேரம். திரையில் நாம் பார்த்தது ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதற்குள் விளம்பரமும் உண்டு. ஜூலி அழுத நேரம் எத்தனை, அடுத்தவருக்குச் சோறு போட்ட நேரம் எத்தனை, பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம் எத்தனை, யார் கண்டது? சண்டை விற்கும் என்று தெரிந்தவர்கள் சண்டையை வெட்டி எடுத்தார்கள். தைத்துக் கொடுத்த சட்டையை நாம் மாட்டிக்கொண்டோம். அவ்வளவுதான்.

இந்தக் கூத்து 1999இல் நெதர்லாந்தில் பிறந்தது. இங்கிலாந்துக்கு வந்த பிறகு, 2002இல், ஜேட் குடி என்ற பெண் உள்ளே போனார். இலண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் வறுமையில் வளர்ந்தவர், பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. படிப்பு குறைவு, வாய் அதிகம். அந்நாட்டுப் பத்திரிகைகள் பன்றி என்று எழுதின. பெருங்காசு பார்க்கிற பத்திரிகைகள், ஒரு கூலிக்காரப் பெண்ணை! 2007இல் மீண்டும் போனார். நம் நாட்டு நடிகை ஷில்பா ஷெட்டியிடம் நிறவெறிச் சொல் பேசினார் என்று உலகமே கொதித்தது. கொதித்தது நியாயம், அதை நாம் மன்னித்துவிடச் சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். 2008இல் இந்தியாவின் பிக் பாஸுக்கே வந்தார், நடத்தியவர் அதே ஷில்பா ஷெட்டி. புற்றுநோய் என்ற சேதி அந்த வீட்டுக்குள் இருக்கும்போதுதான் எட்டியது. 2009 மார்ச்சில் 27 வயதில் இறந்தார். பன்றி என்று எழுதிய கைகள் அப்போது இரங்கல் எழுதின. நம்முடைய ஜூலி நலமாக இருக்கிறார், பல்லாண்டு இருக்கட்டும். அவருக்கு நியாயம் சொல்ல அப்படியொரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

"காசுக்காகத்தானே போனாள்" என்கிறார்கள். ஆம், காசுக்குத்தான்! பீஸுக்கு ஐம்பது பைசா கூடுதல் என்றால் அடுத்த கம்பெனிக்கு மாறுகிறோமே, நாம் எதற்குப் போகிறோம், புண்ணியத்துக்கா? தனியார் மருத்துவமனைச் செவிலியரின் கூலி இரங்கத்தக்கது என்பதால்தான் 2016 சனவரியில் உச்சநீதிமன்றமே தலையிட்டுக் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரைக்கும் பையில் விழும் காசுக்கும் இடையே எத்தனை காதம் என்பது பாட்டாளிக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சில காலம் முன்பு நம் காதில் விழுந்தது இது. மிகைநேரக் கூலியில் இரண்டு மணி நேரத்தைக் காணோமே என்று பவர் டேபிளில் இருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். சூப்பர்வைசர் பதில் சொல்லவில்லை. "ஏம் அம்மிணி, நீயென்ன ஜூலியா?" என்றான். வரிசை முழுதும் சிரிப்பு. சிரித்தவர்களில் நம் தோழர்களும் இருந்தார்கள் என்பதை எழுதவே கை கூசுகிறது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரக் கூலி போனது போனதுதான்.

இந்த ஊரில் வாய் திறக்காமல் கிடைத்தது எது? 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் கம்பெனிகள் அடைபட்டுக் கிடந்தனவே, அது மௌனத்தாலா? சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் வைத்து, மூன்றாண்டு முடிந்தால் மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, நூற்பாலை விடுதிகளில் பெண் பிள்ளைகளை அடைத்தார்களே, அந்தச் சேதி சுவரைத் தாண்டியது உள்ளே இருந்த ஒரு சில பெண்கள் பேசியதால்தானே? 2022இல் திண்டுக்கல் உடன்பாடு கையெழுத்தானது. பாலியல் தொல்லையைப் பற்றி ஆலைக்குள்ளேயே பெண் தொழிலாளர் கண்காணிக்கவும் புகார் சொல்லவும் வழி செய்த உடன்பாடு. அது காகிதத்தில் இருந்து தறிக்கும் தையலுக்கும் இறங்க வேண்டுமென்றால், பேசுகிற பெண் வேண்டும். பேச்சில் பிழை வரும், குரல் உடையும், சில நேரம் தப்பான ஆளை நம்பித் தப்பான பக்கம் நிற்பாள். பிழையே செய்யாத பெண்தான் வாய் திறக்கலாம் என்று சட்டம் போட்டால், சூப்பர்வைசருக்கு அதைவிட வசதி வேறென்ன?

ஒரு சேதி சொல்லி முடிக்கிறோம், சிரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. 2022 சனவரி இறுதியில் பிக் பாஸ் அல்டிமேட் என்ற நிகழ்ச்சி தொடங்கிற்று. தொலைக்காட்சியில் அல்ல, இணையத்தில், 24 மணி நேரமும் ஓடிற்று. வெட்டு மிகவும் குறைவு, துணி ஏறக்குறைய முழுதாகவே கண்முன் கிடந்தது. ஜூலி அதற்கும் போனார். மக்கள் வாக்கில் வாரக்கணக்காய் நிலைத்து நின்றார், பேசிக்கொண்டேயிருந்தார்.