குழந்தைக்குத் தொட்டில், தாய்க்கு எங்கே இடம்?

பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992-ம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சர்க்கார் தொடங்கியது. 2001-ல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள்ளிப்பாலுக்கு இரையாகியிருக்க வேண்டிய குழந்தைகள் பல அதனால் உயிர் பிழைத்தன. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு இருட்டோடு இருட்டாகத் திரும்பிப் போனாளே ஒரு தாய், அவள் எங்கே போனாள்? அவளுக்குப் பதினாறோ பதினேழோ வயதாக இருந்து, பெற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டிருந்தால், அன்றிரவு அவள் தலை சாய்க்க இடம் எது?

இது எங்கோ ஒரு வீட்டில் நடந்த அவமானம் அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகிவிட்டார்கள் அல்லது கர்ப்பிணியாக இருந்தார்கள். இதற்கு முந்தைய ஆய்வில் இது 5 சதவீதம். இந்தியா முழுவதிலும் எண்ணிக்கை குறைந்தபோது, இங்கே ஏறியிருக்கிறது! இவர்களில் பெரும்பாலோர் கழுத்தில் தாலி ஏறியவர்களே. ஆனால் தாலி எல்லோருக்கும் வீடு தந்துவிடவில்லை. புருஷன் கைவிட்டால், வழக்கில் சிறை சென்றால், சாதி மாறிக் கட்டியதற்காக இரு வீட்டாரும் விரட்டினால், அவளும் தாலியில்லாதவளும் ஒரே தெருவில்தான் நிற்கிறார்கள்.

யார் வீட்டுப் பெண்கள் இவர்கள்? பணக்காரர் வீட்டில் இப்படி ஒன்று நேர்ந்தால் அதை மறைக்கப் பணம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், வெளியூர் பங்களா இருக்கிறது. தெருவுக்கு வருபவள் நம் வீட்டுப் பெண். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் ஊர்விட்டு ஊர் போகும்போது, வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட அஞ்சி அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் அவள். "சுமங்கலித் திட்டம்" என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலை விடுதிகளில் அடைக்கப்பட்டவளும் அவளே. அங்கே மேற்பார்வையாளனோ காண்ட்ராக்டரோ கைவைத்தால், வெளியே தள்ளப்படுவது பெரும்பாலும் அவன் அல்ல, அவள்தான்.

சர்க்காரிடம் போனால் என்ன கிடைக்கிறது? பேறுகால உதவித் திட்டம் இருக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ளது. ஆனால் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி. மத்திய சர்க்காரின் தாய்மை உதவிக்கு 18 வயது 7 மாதம். 2023-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு 21 வயது என்று வரம்பு வகுத்தார்கள். இளவயதுக் கல்யாணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது இந்த வயது வரம்புகளுக்குச் சொல்லும் நியாயம். கல்யாணத்தைத் தடுக்க வேண்டியது கல்யாணத்துக்கு முன்னால். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு வந்து நிற்பவளிடம் சத்துமாவை மறுத்தால் எந்தக் கல்யாணம் தடைபடும்? அந்தப் பிள்ளையின் எடைதான் குறையும்.

உடல் வளர்ச்சி முடியாத வயதில் பிரசவம் என்பது உயிரோடு விளையாடுவது. இரத்த அழுத்தமும் வலிப்பும் இவ்வயதுத் தாய்மாருக்கு அதிகம். குறைமாதக் குழந்தையும் எடை குறைந்த குழந்தையும் அதிகம். தமிழ்நாட்டில் இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே இரத்த சோகையுள்ளவர்கள். மற்ற எவரையும்விட அதிகமாக உதவி தேவைப்படுகிறவளுக்குத்தான் விதி கதவை அடைக்கிறது.

தங்க இடமாவது உண்டா? ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம்; ஆனால் 5 நாள். அதற்குப் பிறகு? 18 வயதுக்குட்பட்ட தாய் சட்டத்தின் கண்ணில் தானே ஒரு குழந்தை. அவளைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். அவள் பெற்ற சிசுவோ பெரும்பாலும் தத்தெடுப்பு மையத்தின் பொறுப்பாகிறது. பால் கட்டிய மார்போடு தாய் ஓரிடம், பாலுக்கு அழும் பிள்ளை ஓரிடம்! பிள்ளையை ஒப்படைக்கக் கையெழுத்திட்டவள் மனம் மாற 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. ஆனால் வீடும் வேலையும் இல்லாதவள் இரண்டு மாதத்தில் எதை நம்பி மனம் மாறுவாள்?

போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. குழந்தைகளைக் கெடுக்கும் கயவர்களைத் தண்டிக்க அது அவசியம். அதைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்ற பயத்தில் கர்ப்பத்தை மறைத்து, கடைசி நாள் வரை டாக்டரையே பார்க்காத பெண்கள் இருக்கிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும், அவள் பெயரைப் போலீசுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டால் டாக்டர் சொல்லவேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. தகப்பன் பெயர் சொல்லாமலே பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறத் தாய்க்கு உரிமை உண்டென்று 2015 ஜூலையில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புகள் தாலுகா ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றனவா? கூட நின்று கேட்க ஆள் இல்லாதவளுக்கு உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

"இவர்களுக்கெல்லாம் இல்லம் கட்டினால் ஒழுக்கம் கெட்டுவிடும்" என்று சில பெரிய மனிதர்கள் சொல்வார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டுத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பவனிடமிருந்து தொடங்கட்டும். கூரை கிடைக்கும் என்பதற்காக எந்தப் பெண்ணும் பதினாறு வயதில் பிள்ளை பெறப் போவதில்லை. கூரை இல்லாவிட்டால் அவள் புரோக்கர் கைக்குப் போவாள், அல்லது கிணற்றுக்குப் போவாள். பெரிய மனிதர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

ஆனால் இல்லம் என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது. அயர்லாந்து நாட்டில் கல்யாணமாகாத தாய்மாருக்கென்று இல்லங்கள் இருந்தன. அங்கே அமைத்த விசாரணைக் கமிஷன் 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் நெஞ்சு பதறும். 1922 முதல் 1998 வரை 18 நிலையங்களில் சுமார் 56,000 தாய்மார் இருந்தார்கள். அங்கிருந்த குழந்தைகளில் சுமார் 9,000 பேர் மாண்டுபோனார்கள். டூவம் என்ற ஊரில் 1925 முதல் 1961 வரை நடந்த இல்லத்தில் மட்டும் 796 குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்கள் கிடைத்தன. கழிவுநீர்த் தொட்டியாகக் கருதப்படும் பழைய கட்டுமானத்துக்குள் எலும்புகள் கிடந்தன. தாயைப் பாவி என்று முத்திரை குத்தி, மதில் கட்டி மறைத்து, கணக்குக் கேட்க ஆளில்லாமல் விட்டதன் பலன் இது. அந்தப் பாதை நமக்கு வேண்டாம்.

நம் மண்ணிலேயே வேறு பாதை உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் போக்கிடமற்ற பெண்கள் வந்து நின்றபோது, அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-ம் ஆண்டு வாக்கில் அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. அங்கே சோற்றோடு கல்வியும் தந்தார்கள். அந்த அம்மையாரின் பெயரைத் தாங்கிய பேறுகால உதவித் திட்டம்தான் இன்று 19 வயது ஆகாத தாயைத் திருப்பி அனுப்புகிறது. அவர் பெயருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

ஆகவே நாம் கோருவது இதுதான்:

ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்றாவது, இளம் தாயும் சேயும் பிரியாமல் சேர்ந்து வாழும் சிறு இல்லம் வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களை அடைக்கும் கொட்டடி வேண்டாம். பத்துப் பன்னிரண்டு தாய்மார், ஆளுக்கொரு அறை.

இரண்டு, தங்கும் காலத்தை நாள் கணக்கில் வைக்கக் கூடாது. அவள் சொந்தக் காலில் நிற்கும் வரை, குறைந்தது இரண்டு ஆண்டு.

மூன்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கன்வாடி. தாய்க்கு விட்ட இடத்திலிருந்து பள்ளிப் படிப்பு, தொழிற்பயிற்சி. வாரந்தோறும் கிராம சுகாதார நர்ஸ். பிறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் வழக்கறிஞர் உதவியும் வாங்கித்தர ஒரு பொறுப்பாளர்.

நான்கு, பிள்ளையை ஒப்படைக்கச் சொல்லியோ, கெடுத்தவனையே கட்டிக்கொள்ளச் சொல்லியோ எவரும் அவளை நிர்ப்பந்திக்கக் கூடாது. வளர்ப்பதா, தத்துக் கொடுப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

ஐந்து, பேறுகால உதவிகளில் வயது வரம்பை நீக்க வேண்டும். இல்ல நிர்வாகத்தை மேற்பார்வையிடும் குழுவில் மாதர் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடம் வேண்டும்.

பணம் இல்லை என்று சொல்லட்டும், நாம் கேட்போம்: புதுக் கட்டிடம் எதற்கு? இப்போதுள்ள சர்க்கார் சேவை இல்லங்களில் ஒரு பகுதியை ஒதுக்கி நாளைக்கே தொடங்கலாமே!

தோழர்களே, கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்காருவது நம் வழக்கமல்ல. ஆலைத் தொழிலாளத் தோழர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1961-ம் ஆண்டு பேறுகாலச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2020-ம் ஆண்டுத் தொகுப்பும் சரி, 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்தாளா என்றுதான் கேட்கின்றன. தாலி இருக்கிறதா என்று கேட்கவில்லை. பேறுகால விடுப்பில் இருப்பவளை வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். விடுதியிலிருந்து ஒரு பெண் திடீரென்று காணாமல் போனால், "ஊருக்குப் போய்விட்டாள்" என்ற மானேஜரின் பதிலோடு திருப்தியடையாதீர்கள். எங்கே, ஏன் என்று சங்கம் கேட்கட்டும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சேரியிலோ குடியிருப்பிலோ இப்படி ஒரு பெண் நின்றால் பஞ்சாயத்துக் கூட்டி அவள் மானத்தை ஏலம் போட விடாதீர்கள். 1098 என்ற எண்ணுக்கு உடனே தகவல் கொடுங்கள். அதிகாரி வரும்போது சங்கத்தார் இருவர் கூட நில்லுங்கள். முதலில் அவளுக்கு ஒரு வாய்ச் சோறும் படுக்க ஒரு பாயும் கொடுங்கள்.

மண்டபம் கட்டவும் சிலை வைக்கவும் இடம் கண்டுபிடிக்கிற சர்க்காருக்கு, பச்சைக் குழந்தையோடு நிற்கும் ஒரு சிறுமிக்கு இடம் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். முடியவைக்க வேண்டியது நாம். அடுத்த கிராமசபையில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள். ஆலை வாயில் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். மாவட்டக் கலெக்டரிடம் மனுவோடு செல்லுங்கள். தொட்டில் வந்ததுபோல் தாய்க்கும் ஒரு வீடு வந்தே தீர வேண்டும்!