வாசற்படியான மீஸான் கல்



கொழும்பு முஸ்லிம்களின் பழைய மையவாடியில் ஒரு மீஸான் கல் இருந்தது. கூஃபி எழுத்தில் அறபு வாசகம் பொறித்த கல். ஹிஜ்ரி 337 இல், அதாவது கி.பி. 948 இல், வபாத்தான காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கப்றுக்குரியது. 1787 அளவில் ஓர் ஒல்லாந்த அதிகாரி அதைப் பெயர்த்தெடுத்துப் போய்த் தன் வீட்டுக்கு வாசற்படியாகப் போட்டுக்கொண்டார். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் இங்கு பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அக்கறை எடுத்ததால் அதன் வாசகம் 1827 இல் லண்டனில் அச்சேறியது. "நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று யாராவது நம் பிள்ளைகளிடம் கேட்டால் எடுத்துக்காட்ட அப்படியொரு கல் நமக்கு இருந்தது. அது மற்றவர்களின் செருப்புக் காலடியில் கிடந்தது.

காலியிலும் இதுபோல் ஒன்று நடந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409 ஆம் ஆண்டைத் தாங்கிய அவருடைய கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. 1911 இல் அதைக் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவசியம் காட்டுங்கள்.

ஒல்லாந்தரைக் குறை சொல்லிவிட்டு இத்துடன் நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் என் கையும் சுத்தமில்லை.

இருபது வருடங்களுக்கு முன், அறபுக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்த புதிதில், எங்கள் ஊர்ப் பள்ளிவாசலை உடைத்துப் புதிதாகக் கட்டுவதென்று பேச்சு எழுந்தது. பலா மரத் தூண்கள், நாட்டு ஓட்டுக் கூரை, கருங்கல் ஹவ்ழ் என்று இருந்த பள்ளி. ஜும்ஆவுக்கு இடம் போதாது என்பது உண்மை. நம்பிக்கையாளர் சபையினர் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். "தொழுகைதான் இபாதத், சுவர் இபாதத் இல்லை" என்று ஒரு பயானே செய்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வாரத்தில் பள்ளி தரைமட்டமாயிற்று.

பிரதான வாசலுக்கு மேலே அறபுத் தமிழில் எழுதிய ஒரு பலகை இருந்தது. பள்ளிக்குக் காணியை வக்பு செய்தவரின் பெயர், வருடம், காணியின் நான்கு எல்லை எல்லாம் அதில் இருந்தன. மேசன்மார் அதன்மேல் சீமெந்து குழைத்தார்கள். நானும் அந்த வழியால் போய்வந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உம்மா மட்டும், "அந்தப் பலகைய எங்க மகன் வெச்ச?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அறபுத் தமிழைத் தடங்கலின்றி வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான். உம்மும்மா கற்றுக் கொடுத்தது. எனக்கு அறபும் தெரியும், தமிழும் தெரியும்; அந்தப் பலகையை ஒருநாளும் நின்று வாசித்ததில்லை.

சில வருடங்களின் பின் பள்ளிக்குப் பின்புறமுள்ள காணியின் எல்லையில் தகராறு வந்தது. பழைய உறுதி கரையான் அரித்துப் போயிருந்தது. பலகையை எல்லோரும் தேடினார்கள்.

பழையதைப் பேணுவது மார்க்கத்துக்கு முரண் என்று சிலர் பயப்படுகிறார்கள். கப்றைப் புனிதப்படுத்துவது வேறு, மீஸான் கல்லில் உள்ள எழுத்தைப் பாதுகாப்பது வேறு. கஃபாவை இப்றாஹீம் (அலை) அவர்களின் அத்திவாரத்தின்மீது மீளக் கட்ட நபி (ஸல்) அவர்கள் விரும்பியும், இஸ்லாத்துக்குப் புதிதான மக்களின் உள்ளம் ஏற்காது என்பதால் கைவைக்கவில்லை என்பதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் சொல்கிறது. மதீனாவின் பழைய கோட்டைகளை இடிக்க வேண்டாம், அவை அவ்வூருக்கு அழகு என்ற கருத்திலான அறிவிப்பொன்றை இமாம் தஹாவி பதிவு செய்திருக்கிறார்கள். அன்றைய பயானுக்கு முன் இவற்றை நான் ஓதாமல் இருக்கவில்லை. ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இடம் போதாது என்பதற்கு உடைப்பது ஒன்றுதான் வழியா? புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளியைப் பாருங்கள். 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடித்தது. பிற்காலத்தில் பக்கத்துக் காணிகளை வாங்கித்தான் பெருப்பித்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பழைய முகப்பு இன்றும் நிற்கிறது.

சட்டமும் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னங்களாகக் கொள்கிறது. நூறு வருடத்துக்குக் குறையாத மற்றவற்றையும் அமைச்சரின் கட்டளையால் பாதுகாக்க முடியும். ஆனால் நம் ஊர்களில் திணைக்களத்துக்குச் சேதி போவதற்குள் கூரை இறங்கிவிடும்.

அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். சபைக் கூட்டத்தில் நீங்கள் இருப்பதில்லை. ஆனால் அலுமாரியின் அடித்தட்டில் உள்ள பழைய உறுதியும், கல்யாணப் பதிவும், மூத்தவர்களின் அறபுத் தமிழ் கிதாபும் உங்கள் கைகளில்தான் இருக்கின்றன. 'வீட்டைத் துப்புரவாக்குகிறோம்' என்று நோன்புக்கு முன் அவற்றை எரித்துவிடாதீர்கள். பள்ளியை உடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டால், எழுத்துள்ள கல்லையும் பலகையையும் முதலில் போட்டோ எடுக்கச் சொல்லி வீட்டு ஆண்களை அனுப்புங்கள். இப்போது ஒவ்வொருவர் கையிலும் அதற்கு ஒரு போன் இருக்கிறது.

போன மாதம் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையில் இருந்ததை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காணி கொடுத்தவரின் பெயர் வந்தது, வருடம் வந்தது, கிழக்கு எல்லையும் தெற்கு எல்லையும் வந்தன. மற்ற இரண்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. தகராறு மேற்கு எல்லையில்.