சிவப்பு விண்மீனின் உள்ளே எரிவது எது?

விண்மீன்களின் இசையைப் பதிவு செய்துவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. ஒலி வெற்றிடத்தைக் கடந்து நம்மிடம் வராது. விண்கலங்கள் பதிவு செய்வது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை. அதைக் காதுக்கு எட்டும் ஒலியாக மாற்றுவது பிறகு செய்கிற வேலை. அந்த ஏற்ற இறக்கம் சொல்லும் சேதியோ இசையை விடப் பெரியது.

நாம் ரோகிணி, சுவாதி என்று அழைப்பவை இரண்டும் சிவப்பு ராட்சத விண்மீன்கள். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, மேலடுக்குகள் ஊதிப் பெருத்தவை. அந்த அடுக்குகள் கொதிக்கும் உலைபோல ஓயாமல் புரள்கின்றன. அந்தப் புரளலில் பிறக்கும் ஒலியலைகள் விண்மீனுக்குள்ளேயே சிக்கி, அதை அதிர வைக்கின்றன. சூரியனில் ஓர் அதிர்வுக்குச் சுமார் 5 நிமிடம்; ராட்சதர்களில் மணிக்கணக்கு, சிலவற்றில் நாள்கணக்கு. வெளிச்சம் மாறுவதோ பெரும்பாலும் லட்சத்தில் சில பங்குதான். தரையிலிருந்து பார்த்தால் காற்றின் சலனத்தில் அது மறைந்துவிடும். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம், வானத்தின் ஒரே பகுதியை நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருந்தது.

அப்படி அளந்ததில் ஒரு நெடுநாள் சிக்கல் தீர்ந்தது. இரண்டு ராட்சத விண்மீன்கள் அளவிலும் நிறத்திலும் ஒன்றுபோல இருக்கலாம். ஒன்றில் ஹீலிய மையத்தைச் சுற்றிய மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் மட்டும் எரியும். மற்றதில் மையத்தின் ஹீலியமே எரியத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? மையப் பகுதியில் வேறொரு வகை அலை உண்டு. கனத்த வாயு மேலே தள்ளப்பட்டால் தன் எடையால் திரும்ப இறங்கும், அந்த ஊசலாட்டம் அது. ராட்சத விண்மீன்களில் இந்த மைய அலையும் மேலடுக்கின் ஒலியலையும் ஒன்றோடொன்று பிணைகின்றன. அதனால் மையத்தின் நிலை மேற்பரப்பின் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடுகிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் டிம் பெடிங் குழு 2011-இல் இதைக் காட்டியது: அடுத்தடுத்த அதிர்வுகளின் காலங்களுக்கு இடையே சுமார் 50 விநாடி வேறுபாடு இருந்தால் எரிவது ஹைட்ரஜன் ஓடு, 100 முதல் 300 விநாடி என்றால் ஹீலிய மையம். ஹீலியம் எரியும் மையம் தளர்ந்து விரிந்திருக்கும், அதன் நடுவே வாயு புரண்டுகொண்டும் இருக்கும். இடைவெளி கூடுவது அதனால்தான்.

என் பார்வையில் இதற்கு இணையான லாபம் வயது. அதிர்வுகளோடு வெப்பநிலையும் தெரிந்தால் விண்மீனின் நிறையைக் கணக்கிடலாம். நிறை கூடிய விண்மீன் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும் என்பதால், ராட்சத நிலையில் நிறையைச் சொல்வது ஏறக்குறைய வயதைச் சொல்வதுதான். பால்வெளியின் எந்தப் பகுதி எப்போது உருவானது என்று ஆராய இந்த வயதுகள் இன்று பயன்படுகின்றன.

தீராத கேள்வியும் உண்டு. இந்த விண்மீன்களின் மையம் மேற்பரப்பைவிடப் பத்து மடங்காவது வேகமாகச் சுழல்வது 2012-இல் தெரியவந்தது. கோட்பாட்டுக் கணக்குகளின்படி அது இன்னும் பல மடங்கு வேகமாகச் சுழன்றிருக்க வேண்டும். ஏதோ ஒன்று தடுக்கிறது. 2022-இல் மூன்று விண்மீன்களின் மையக் காந்தப்புலத்தை இதே அதிர்வுகளைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். தடுப்பது அதுதானா என்பது இன்னும் முடிவாகவில்லை.