ஹிட் பாட்டு யாருக்குச் சொந்தம்? ‘எஞ்சாமி’ சண்டை ஜவ்வாது மலைக்கும் சொல்வது என்ன?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சாமை வயல். களை எடுக்கும் பாட்டி ஒருவர் பாடுகிறார். சுற்றிப் பார்க்க வந்த ஒரு இளைஞர் அதை செல்போனில் பதிவு செய்கிறார். சென்னையில் ஒருவர் அதற்கு பீட் போடுகிறார். ரீல்ஸில் ஏறுகிறது, கோடிப் பேர் பார்க்கிறார்கள். இப்போ காசு யாருக்கு?

இது கற்பனைதான். ஆனால் இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. ஏற்கெனவே ஒரு பாட்டை வைத்து தமிழ்நாடே இதைப் பேசியிருக்கிறது.

2021 மார்ச் 7-ம் தேதி யூடியூபில் வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. தீயும் அறிவும் பாடினார்கள். வரிகள் அறிவு, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது, ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு வந்த ‘மாஜா’ என்ற சுயாதீன இசைத் தளம். படம் இல்லை, ஹீரோ இல்லை. ஆனாலும் யூடியூபில் மட்டும் 40 கோடி வியூஸைத் தாண்டியது. நிலமில்லாமல் உழைத்துத் தேய்ந்தவர்களின் கதையை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டு வளர்ந்ததாக அரக்கோணத்துக்காரரான அறிவு சொல்லியிருக்கிறார்.

முதல் சண்டை காசுக்காக இல்லை, பெயருக்காக. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும், ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. சில நாட்களில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: பாட்டை உருவாக்கியதும், எழுதியதும், பாடி நடித்ததும் தானே, யாரும் தனக்கு மெட்டு எடுத்துக் கொடுக்கவில்லை என்று. சந்தோஷ் நாராயணனின் பதில் வேறு மாதிரி இருந்தது. மூவரும் சேர்ந்து செய்த பாட்டு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார்.

சமம் என்றால் சரிதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

இதே ‘சமம்’ சூத்திரத்தில் உலகத்தையே கலக்கிய பாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவான ஆர்.இ.எம். 1991-ல் வெளியிட்ட ‘லூசிங் மை ரிலிஜன்’. (தலைப்பைப் பார்த்து மதப் பாட்டு என்று நினைக்க வேண்டாம். பொறுமை எல்லை மீறிப் போவதை அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள்.) மாண்டலின் கற்றுக்கொண்டிருந்த பீட்டர் பக் வாசித்ததிலிருந்து பிறந்த மெட்டு, மைக்கேல் ஸ்டைப்பின் வரிகள். ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் நான்கு பேர் பெயரும் இருக்கும். டிரம்மரும் அதில் அடக்கம். அந்தக் குழு எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான் செய்தது. குழு கலைந்தது 2011-ல். 2024 ஜூனில் பாடலாசிரியர்களுக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ விழாவில் அந்த நால்வரும் ஒரே மேடையில் அதே பாட்டை வாசித்தார்கள்.

அதே 2024-ல், மார்ச் மாதம், நம்ம ஊரில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். மூன்று வருடமாகியும் எஞ்சாமியிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்றார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்றும் சொன்னார். பணத்தைப் பிடித்து வைக்கவில்லை என்று மாஜா தரப்பு மறுத்தது. யார் சொல்வது சரி என்பதற்குள் நாம் போக வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: மூன்றில் ஒரு பங்கு என்று பேசி முடித்தவர்களே, பங்கு போட எதுவும் கைக்கு வரவில்லை என்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு பாட்டு என்பது சட்டப்படி ஒரே பொருள் இல்லை. 1957-ம் வருட காப்புரிமைச் சட்டத்தில் வரிகள் தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. வரிகளுக்கு எழுதியவரும், மெட்டுக்கு இசையமைத்தவரும், ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளரும் உரிமையாளர். பாடியவருக்கு ‘நிகழ்த்துநர் உரிமை’ என்று இன்னொன்று. யூடியூப், ஸ்பாட்டிஃபை பணம் பெரும்பாலும் ஒலிப்பதிவை வைத்திருப்பவர் கணக்குக்குத்தான் முதலில் போகும். அங்கிருந்து கீழே வழிந்தால்தான் மற்றவர்களுக்கு. குழாயின் மேல்பக்கம் அடைபட்டால், கீழே எத்தனை பேர் சமமாகக் குடம் வைத்தாலும் ஒன்றுதான்.

2012 திருத்தம் இதற்காகவே வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. கையெழுத்தே போட்டிருந்தாலும் அந்த உரிமை போகாது. சினிமாவில் வராத தனிப் பாட்டுக்கும் இது பொருந்தும். ஐபிஆர்எஸ் போன்ற சங்கத்தில் உறுப்பினரானால் அந்தப் பங்கு லேபிளைச் சுற்றிக்கொண்டு நேராக வரவும் வழி இருக்கிறது. ஆனா, மெட்டு யாருடையது என்பதிலேயே தகராறு என்றால் படிவத்தில் யார் பெயரை எழுதுவது? அதனால்தான் பெயர்ச் சண்டையை வெறும் ஈகோ என்று ஒதுக்க முடியாது. நிரப்பாத பெயருக்குப் பணம் வராது.

சரி, ஜவ்வாது மலைப் பாட்டிக்கு வருவோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் விரியும் இந்த மலையின் மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடும் பாட்டுக்கு ‘ஆசிரியர்’ என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆகவே வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி கிடையாது. சட்டத்தின் பெரிய ஓட்டை இது. ஆனால் பாட்டியின் குரலுக்கு உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து விற்க முடியாது. வணிக ரீதியில் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி தர வேண்டும். அந்த உரிமை 50 வருடம் நிற்கும்.

நடக்காத காரியம் இல்லை இது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தன் மொழியில் பாடினார். 2022 ஜூலையில், அறிவு மனம் நொந்து எழுதுவதற்குச் சில நாட்கள் முன்பு, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் படத்தில் முதலிலேயே இருந்தது.

பாட்டை ஆன்லைனில் ஏற்றும்போது ஒரு படிவம் வரும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று கட்டங்கள் இருக்கும். கிராமத்துப் பாட்டு என்றால் முதல் இரண்டு கட்டத்திலும் ‘டிரடிஷனல்’ என்று தட்டிவிடுவது வழக்கம். மூன்றாவது கட்டத்தில் பீட் போட்டவரின் சேனல் பெயர் வந்துவிட்டால், வயலில் பாடியவரின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்காது.